46, 36, 27: யூரோடைனமிக் பரிசோதனையை மறுபடியும் செய்துகொண்ட அனுபவம்

சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டு, நீர் நிரப்பி, அது வெளியேறும்போது அழுத்தத்தையும் வேகத்தையும் அளப்பது யூரோடைனமிக் பரிசோதனை. புராஸ்டேட் வீக்கத்துக்காக அதைச் செய்துகொண்டவர்களின் அறிக்கையில் கடைசி வரிகளில் ஓர் எண் இருக்கும். அடைப்புக் குறியீடு என்பது அதன் பெயர். அது 40-ஐத் தாண்டினால் சிறுநீர்ப் பாதையில் அடைப்பு உண்டு என்றும், 20-க்குக் கீழே இருந்தால் அடைப்பு இல்லை என்றும், இடையில் நின்றால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் கொள்கிறார்கள். என் முதல் அறிக்கையில் அந்த எண் 46. சில வாரங்கள் கழித்து வேறோர் இடத்தில் செய்தபோது முதல் சுற்றில் 36 வந்தது. குழாயை எடுக்காமல் அங்கேயே செய்த அடுத்த சுற்றில் 27 வந்தது. இதற்கிடையில் என் புராஸ்டேட் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. புராஸ்டேட்டுக்காகச் சாப்பிட்ட டாம்சுலோசின் மாத்திரையும் மாறவில்லை. 46-ஐ மட்டும் வைத்துக்கொண்டு அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கேட்டவர்கள் மீது எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை என்பதை மறைக்கப் போவதில்லை.

இந்தப் பரிசோதனை எல்லாருக்கும் தேவையானதன்று. இங்கிலாந்தில் 26 மருத்துவமனைகளில் 820 ஆண்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2020-இல் வெளிவந்தது. யூரோடைனமிக் செய்தவர்களில் 38 விழுக்காட்டினரும், வழக்கமான பரிசோதனைகளோடு நின்றவர்களில் 36 விழுக்காட்டினரும் அறுவைச் சிகிச்சைக்குப் போயிருக்கிறார்கள். அதாவது எல்லாருக்கும் இதைச் செய்வதால் அறுவைச் சிகிச்சைகள் குறைந்துவிடவில்லை. எனக்கு இதை எழுதிக் கொடுத்ததற்குத் தனிக் காரணம் இருந்தது. எனக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. சர்க்கரை சிறுநீர்ப்பையின் தசையையே தளர்த்திவிடக் கூடும். சிறுநீர் மெதுவாகப் போவதற்குப் புராஸ்டேட் வழியை நெருக்குவது காரணமா, அல்லது பை தள்ளும் வலுவை இழந்ததா என்பதை, சிறுநீர் போகும் வேகத்தை மட்டும் அளக்கும் சாதாரண யூரோஃப்ளோ சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. முன்னது காரணமென்றால் அறுவைச் சிகிச்சையால் நல்ல பலன் கிடைக்கும். பின்னது என்றால் அதற்குப் பிறகும் முக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கேள்வி சரியானது. பதில் எடுத்த விதத்தில்தான் கோளாறு.

முதல் பரிசோதனை மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. பெயர் வேண்டாம். "யூரின் முட்ட வாங்க சார்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். புராஸ்டேட் வீங்கிய மனிதரிடம் நிறைந்த பையோடு பஸ்ஸில் வரச் சொல்வது எப்படிப்பட்ட யோசனை என்பதை இந்த நோய் உள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வெளியூர்க்காரர்கள் வீட்டிலிருந்தே தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். அங்கே போய்ச் சேர்ந்து, பதிவு முடித்து, அரை லிட்டர் குடித்துவிட்டு உட்கார்ந்தால் போதும். குழாய் இல்லாமல் எடுக்கும் முதல் யூரோஃப்ளோவுக்கு 150 மில்லிக்குக் குறையாமல் போனால் அந்தப் படம் நம்பத்தக்கது என்பது கணக்கு. அதற்கு மேல் தேக்கி வைத்துத் தவிப்பதால் பலன் எதுவும் இல்லை.

யூரோஃப்ளோவும் மீதச் சிறுநீர் ஸ்கேனும் சுமுகமாக முடிந்தன. அதன்பின் சிறுநீர்ப்பைக்குள் ஒரு மெல்லிய குழாய், ஆசனவாய்க்குள் ஒரு குழாய். ஆசனவாய்க் குழாயின் முனையில் கையுறையின் விரலை வெட்டிக் கட்டியிருந்தார்கள். பார்க்கத்தான் சங்கடமாக இருந்ததே தவிர, காற்று இல்லாமல் நீர் நிரப்பி ஒழுங்காகக் கட்டினால் அது வேலை செய்யும் என்று பிறகு அறிந்தேன். இந்த இரண்டாவது குழாய் எதற்கு என்பது இந்தக் கதைக்கு முக்கியம். சிறுநீர்ப்பைக்குள் பதிவாகும் அழுத்தத்தில் பையின் தசை தரும் அழுத்தமும், நாம் வயிற்றை இறுக்கி முக்குவதால் வரும் அழுத்தமும் சேர்ந்தே இருக்கும். வயிற்றின் பங்கை ஆசனவாய்க் குழாய் தனியாக அளக்கிறது. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால்தான் தசையின் உண்மையான அழுத்தம் கிடைக்கும். கழிக்க வேண்டியதை அந்தக் குழாய் குறைத்துக் காட்டினால் தசையின் அழுத்தம் கூடியதாகத் தெரியும். அடைப்பும் கூடியதாகத் தெரியும்.

பையில் நீர் ஏறி, இனி அடக்க முடியாது என்ற நிலை வந்ததும் போகச் சொன்னார்கள். அறையில் டெக்னீஷியன், அவருக்கு உதவியாக ஒரு பெண், பயிற்சிக்கு வந்த இரண்டு இளைஞர்கள், அவ்வப்போது கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும் வார்டு ஊழியர் எனப் பலர் இருந்தார்கள். அத்தனை பேர் பார்த்திருக்க, துளையிட்ட நாற்காலியில் இரண்டு குழாய்களோடு உட்கார்ந்திருக்கும் எவருக்கும் சிறுநீர் வந்துவிடாது. எனக்கும் வரவில்லை. டெக்னீஷியன் குழாயடியில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்த்தார். பிறகு பொறுமை இழந்து, "நல்லா முக்கிப் போங்க சார், வெளியே ஆள் காத்திருக்காங்க" என்றார். முக்கினேன். போனது. "முடிஞ்சது" என்று குழாய்களை உருவிவிட்டார். தொடக்கத்தில் ஒருமுறை இருமச் சொன்னாரே தவிர, நடுவிலோ முடிவிலோ கேட்கவில்லை. ஒரே ஒரு சுற்று. அதற்கே ஓர் அறிக்கை.

அறிக்கை இரண்டு பக்கம். உச்ச வேகம் நொடிக்கு 8 மில்லி, அந்தக் கணத்தில் தசையின் அழுத்தம் 62 சென்டிமீட்டர் நீர். அழுத்தத்திலிருந்து வேகத்தின் இரண்டு மடங்கைக் கழித்தால் 46. அடியில் தடித்த எழுத்தில் 'அடைப்பு உள்ளது' என்று அச்சாகியிருந்தது. மருத்துவர் அந்த வரியை மட்டும் படித்தார். அறுவைச் சிகிச்சைக்கு எவ்வளவு ஆகும், காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும் என்று எழுதிய தாள் நான் அவருடைய அறையை விட்டு வெளியே வருவதற்குள் கவுன்ட்டரில் தயாராக இருந்தது. இந்தக் காரியத்தில் மட்டும் அவர்களுடைய வேகம் அசாத்தியமானது.

எனக்கு அந்த 'முக்கிப் போங்க' உறுத்திக்கொண்டே இருந்தது. என் மைத்துனர் மருந்தாளுநர். அவர் சொல்லித்தான் வேறொரு சிறுநீரகவியல் மருத்துவரிடம் போனேன். அறிக்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "கிராஃப் எங்கே?" என்பதுதான். எண்களைக் கணினி தானாக எடுத்துப் போட்டுவிடும், அது எந்த இடத்திலிருந்து எடுத்தது என்பதைக் கோடுகளைப் பார்த்தால்தான் சொல்ல முடியும், கோடு இல்லாத அறிக்கையை வைத்துக்கொண்டு கத்தியை எடுக்க மாட்டேன் என்றார்.

கிராஃபை வாங்குவதற்குள் பரிசோதனையே தேவலை என்று ஆகிவிட்டது. ரிப்போர்ட் கவுன்ட்டரில் இருந்தவர், "கிராஃப் எல்லாம் பேஷன்ட்டுக்குத் தர்றதில்லை சார், அது மெஷினில்தான் இருக்கும்" என்றார். மெஷினில் இருப்பதை அச்செடுக்க முடியாதா என்றேன். டெக்னீஷியன் வர வேண்டும், டெக்னீஷியன் விடுப்பில், அவர் வந்த பிறகு மேலாளர் கையெழுத்து வேண்டும், மேலாளர் கூட்டத்தில். ஒரு நாள் முழுக்க அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த முறை போனபோது வாயால் கேட்பதை விட்டுவிட்டு எழுத்தில் கொடுத்தேன். 2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை விதிகளில் 1.3.2 என்று ஒரு பிரிவு உண்டு. நோயாளியோ அவருடைய அனுமதி பெற்றவரோ மருத்துவ ஆவணங்களைக் கேட்டால், கோரிக்கையைப் பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொண்டு 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தப் பிரிவின் எண்ணைக் கடிதத்தின் முதல் வரியிலேயே குறிப்பிட்டு, இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் போட்டுத் தரும்படி கேட்டேன். முத்திரை குத்துவதற்கு முன்பே கூட்டத்தில் இருந்த மேலாளர் வெளியே வந்துவிட்டார்.

அதோடு முடியவில்லை. கைக்கு வந்தது கறுப்பு வெள்ளைத் தாள். சிவப்பு, நீலம், பச்சை என்று நிறத்தால் மட்டுமே பிரித்துக் காட்டப்படும் கோடுகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில், இருபது நிமிடப் பதிவு முழுவதும் ஒரே பக்கத்தில் நெருக்கி அச்சாகியிருந்தன. பென் டிரைவில் தரலாமே என்றால், மெஷினில் செருகினால் வைரஸ் வந்துவிடும் என்றார்கள். கடைசியில் மின்னஞ்சலில் பிடிஎஃப் வந்தது. நீங்கள் கேட்கும்போதே, நிறத்தோடு, நீர் நிரப்பும் பகுதியும் சிறுநீர் கழிக்கும் பகுதியும் தனித்தனியே பெரிதாக்கிய பிடிஎஃப் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

இரண்டாவது மருத்துவர் அதைத் திரையில் விரித்து எனக்கே காட்டினார். உட்கார்ந்த நிலையில் சிறுநீர்ப்பைக் கோடும் வயிற்றுக் கோடும் சும்மா இருக்கும்போதே 15-க்கும் 40-க்கும் இடையில் எங்காவது நிற்க வேண்டுமாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். அப்போதுதான் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பூஜ்யத்தை ஒட்டி வரும். என் தாளில் சிறுநீர்ப்பைக் கோடு 30-இல் தொடங்கியது. வயிற்றுக் கோடு 11-இல் கிடந்தது. ஒரு சொட்டு நீர் ஏறுவதற்கு முன்பே என் தசை 19 அழுத்தத்தோடு வேலை செய்துகொண்டிருப்பதாகக் கணினி எடுத்துக்கொண்டிருக்கிறது. நான் இருமிய இடத்தில் சிறுநீர்ப்பைக் கோடு ஊசிபோல் எழும்பியிருந்தது. வயிற்றுக் கோட்டில் லேசான ஒரு மேடு. இரண்டும் சமமாக எழும்பியிருக்க வேண்டும். ஆசனவாய்க் குழாயில் காற்றோ கசிவோ இருந்து, அது அளப்பதை ஏறக்குறைய நிறுத்தியிருந்தது. அதற்கு மேல் என்னை முக்கவும் சொல்லியிருக்கிறார்கள். நான் முக்கியது முழுவதும் தசையின் கணக்கில் ஏறிவிட்டது.

"தொடக்கத்தில் கூடிய 19-ஐக் கழித்துவிட்டால் போதாதா டாக்டர்? 46 என்பது 27 ஆகிவிடுமே" என்று கேட்டேன். கூடாது என்றார். இருமலையே பதிவு செய்யாத குழாய் பின்னால் என்ன செய்தது என்று யாருக்கும் தெரியாது. தவறான அளவில் ஒரு திருத்தத்தைப் போட்டால் அது சரியான அளவாகிவிடாது. மறுபடி எடுப்பதுதான் ஒரே வழி என்றார். பின்னால் இரண்டாவது இடத்தில் அதே 27 வந்தது தற்செயல்தான். அதை வைத்து என் கணக்கு வென்றது என்று நான் சொல்லிக்கொள்வதில்லை. வீட்டில் மட்டும் சொல்லிக்கொண்டேன்.

மறுபரிசோதனைக்கு வேறு மருத்துவமனையில் நேரம் வாங்கினேன். அங்கே திறமை இருந்தது. தகவல் சொல்லத்தான் ஆள் இல்லை. காலையிலேயே போய்ச் சேர்ந்தால், "கல்ச்சர் ரிப்போர்ட் இருக்கா ஐயா?" என்று வரவேற்பில் இருந்த பெண் கேட்டார். சிறுநீரில் கிருமி இருக்கும்போது இந்தக் குழாயை விட்டால் தொற்று மேலே ஏறிக் காய்ச்சல் வரும். பையின் நடத்தையும் மாறி எண்களும் கெடும். ஆகவே அவர்கள் கேட்டது முற்றிலும் நியாயம். ஆனால் நேரம் குறித்துக் கொடுத்தபோது இரண்டு முறை தொலைபேசியில் பேசியவர்கள், மதிய உணவுக்கு கேன்டீன் உண்டு என்பதுவரை சொன்னவர்கள், இதைச் சொல்லவில்லை. கல்ச்சருக்கு இரண்டு நாளாவது ஆகும். வந்த வழியே திரும்பி, ஊரிலேயே ஒரு பரிசோதனைக்கூடத்தில் கொடுத்து, கிருமி இல்லை என்ற தாளோடு மறுபடி போனேன். நேரம் வாங்கும்போதே கல்ச்சர் வேண்டுமா, இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் என்ன செய்வது, புராஸ்டேட் மாத்திரையை நிறுத்த வேண்டுமா தொடர வேண்டுமா என்ற மூன்றையும் நீங்களாகவே கேட்டுவிடுங்கள். மாத்திரை விஷயம் மிக முக்கியம். முதல் முறை மாத்திரையோடும் மறுமுறை மாத்திரை இல்லாமலும் எடுத்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது. நடுவில் சளிக்கு மூக்கடைப்பு நீக்கும் மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த வகை மருந்துகள் சிறுநீர்ப் பாதையை இறுக்கக் கூடியவை. மலச்சிக்கலோடு போகாதீர்கள்; ஆசனவாய்க் குழாய் எதை அளக்கிறது என்பதே தெரியாமல் போய்விடும்.

இந்த முறை எல்லாமே வேறு மாதிரி இருந்தது. குழாய்களில் குமிழி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். அழுத்தம் அளக்கும் கருவியை என் அடிவயிற்று எலும்பின் மேல் விளிம்புக்கு நேராக உயர்த்தி வைத்தார்கள். "இருமுங்க ஐயா" என்றார் டெக்னீஷியன். திரையைப் பார்த்தார், திருப்தி இல்லை, ஆசனவாய்க் குழாயில் கொஞ்சம் நீரைச் செலுத்திவிட்டு மறுபடி இருமச் சொன்னார். இரண்டு கோடுகளும் ஒன்றுபோல எழும்பி இறங்கிய பிறகுதான் நீரைத் திறந்தார். ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு முறை இருமல். போக வேண்டிய நேரம் வந்ததும், "முக்க வேண்டாம் ஐயா, வரும்போது வரட்டும்" என்று சொல்லிவிட்டு, திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். கொஞ்ச நேரம் ஆனது, வந்தது. முடிந்ததும் கடைசியாக ஓர் இருமல், குழாய் இடம் மாறவில்லை என்று உறுதி செய்துகொள்வதற்காக.

வேகம் 9, அழுத்தம் 54, குறியீடு 36. குழாயை எடுப்பார்கள் என்று நினைத்தேன். "இன்னொரு தடவை நிரப்பிப் பார்த்துடலாம்" என்றார் மருத்துவர். முதல் சுற்றே தெளிவாக இருந்து, கேட்ட கேள்விக்குப் பதிலும் கிடைத்துவிட்டால் மறுபடி செய்யத் தேவையில்லை. ஐயம் இருந்தால் அதே இருக்கையில் திரும்பச் செய்ய வேண்டும் என்பது இன்டர்நேஷனல் கான்டினென்ஸ் சொசைட்டி வகுத்த நெறி. குழாய் ஏற்கெனவே உள்ளே இருப்பதால் கூடுதல் வேதனை எதுவும் இல்லை. கூடுதலாகப் போனது இருபது நிமிடம்தான். இரண்டாவது சுற்றில் வேகம் 10, அழுத்தம் 47, குறியீடு 27.

இது என்னிடம் மட்டும் நடந்த விசித்திரம் அன்று. புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களிடம் ஒரே அமர்வில் இரண்டு, மூன்று சுற்று எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பொதுவாகத் தென்பட்டதும் இதுதான்: அடுத்தடுத்த சுற்றுகளில் அழுத்தம் சற்று இறங்குகிறது, அடைப்பு குறைவாகத் தெரிகிறது. முதல் சுற்றின் பதற்றமும் குழாயின் எரிச்சலும் தணிவது அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார் மருத்துவர். 40 என்ற கோட்டை ஒட்டி நிற்பவர்கள்தாம் இப்படிக் கட்சி மாறுகிறார்கள். 90, 100 என்று வந்தவர் எத்தனை முறை செய்தாலும் பெரும்பாலும் அதே பக்கத்தில்தான் இருப்பார். ஆகவே உங்கள் எண் அந்த எல்லையிலிருந்து வெகு தொலைவில் இருந்து, கிராஃபின் கோடுகளும் சுத்தமாக இருந்தால், மறுபடி செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. பணமும் வலியும் மிச்சம்.

தசையின் வலுவைக் காட்டும் இன்னொரு குறியீட்டில் இதைவிட வேடிக்கை நடந்தது. அதற்கு அழுத்தத்தோடு வேகத்தின் ஐந்து மடங்கைக் கூட்டுகிறார்கள். 100-க்குக் கீழே வந்தால் தசை வலுக்குறைவு. முதல் மருத்துவமனையின் கணக்கில் எனக்கு 102, அதாவது இயல்பான வலு. இரண்டாவது இடத்தில் 99, பிறகு 97, அதாவது வலுக்குறைவு. கணினி எந்தத் தயக்கமும் இல்லாமல் ஒரு தாளில் 'இயல்பு' என்றும் மறு தாளில் 'வலுக்குறைவு' என்றும் அச்சடித்துவிட்டது. 102-க்கும் 97-க்கும் உள்ள வித்தியாசம், இருக்கையில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாலே வரக்கூடிய அளவு என்று மருத்துவர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் அந்தச் சொற்களைப் படிக்கும் குடும்பத்தாருக்குச் சிரிப்பு வராது. 'வலுக்குறைவு' என்பதைப் பார்த்துவிட்டு என் மகள் அன்று இரவே திருப்பூரிலிருந்து கிளம்பி வந்துவிட்டாள்.

மருத்துவரின் முடிவு இதுதான். அடைப்பு ஓரளவு இருக்கிறது, பையின் தசை முழுப் பலத்தோடு இல்லை, இரண்டில் எதையும் அறுவைச் சிகிச்சைக்கு அவசரப்படுத்தும் அளவுக்கு உறுதியாகச் சொல்ல முடியாது. குழாய் இல்லாமல் எடுத்த யூரோஃப்ளோவில் 210 மில்லி போய், உச்ச வேகம் 11 வந்திருந்தது. மீதம் 90 மில்லி. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, தொற்று இல்லை, கல் இல்லை. டாம்சுலோசினோடு டூட்டாஸ்டெரைடு சேர்த்திருக்கிறார். அது சுரப்பியைச் சுருக்க மாதக்கணக்கில் ஆகும் என்பதையும், புராஸ்டேட் புற்றுநோய்க்காக இரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால் இனி இரத்தப் பரிசோதனை செய்யும் எவரிடமும் இந்த மாத்திரையைச் சொல்ல வேண்டும் என்பதையும் சீட்டின் பின்பக்கத்தில் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கச் சொன்னதை நான் இங்கே விரித்துரைக்க விரும்பவில்லை.

பரிசோதனைக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் எரிச்சல் இருக்கும். முதல் சில முறை லேசாகச் சிவந்தும் போகலாம். நிறையத் தண்ணீர் குடித்தால் அது தணிந்துவிடும். குளிர்க்காய்ச்சல் வந்தாலோ, அறவே போகாமல் அடைத்துக்கொண்டாலோ மட்டும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆகவே பரிசோதனையை வெள்ளிக்கிழமை மாலைக்கு வாங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சலோடு தொலைபேசியில் அழைத்தால் எடுத்துப் பேசப் பல இடங்களில் ஆள் இருப்பதில்லை.

ஆறு மாதம் கழித்து யூரோஃப்ளோவும் ஸ்கேனும் மட்டும் போதும் என்று சொல்லியிருக்கிறார். இரண்டு இடத்துப் பிடிஎஃப்களையும் கைப்பேசியில் ஒன்றும் மகளின் மின்னஞ்சலில் ஒன்றுமாகச் சேமித்து வைத்திருக்கிறேன். முதல் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலிருந்து ஒருவர் மட்டும் இன்னும் விடாமல் அழைத்து, "ஆபரேஷன் தேதியை எப்போ சார் வெச்சுக்கலாம்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.